முதலாளிகளுக்குள் நடக்கும் பங்கீடு

தொழில்முறை விளையாட்டைப் பற்றி நம் நாட்டில் ஓர் அபிப்பிராயம் வேரூன்றி, ஏறக்குறையச் சித்தாந்தமாகவே நிலைபெற்றுவிட்டது. ஒரு லீக்கில் சேர்ந்த அணிகளெல்லாம் பொது வருமானத்தைத் தமக்குள் சமமாகப் பங்கிட்டுக்கொண்டு, ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுப்பதற்கும் ஒரே அளவான தொகையை வைத்துக்கொண்டால், பெரிய நகரத்து அணி சிறிய நகரத்து அணியை நசுக்க இயலாது, போட்டி சமமாகும், போட்டி சமமானால் ஜனங்கள் திரள்வார்கள், ஜனங்கள் திரண்டால் கடைக்கோடிக் கிராமம் வரைக்கும் விளையாட்டு செழிக்கும் என்பது அதன் சாரம். பத்திரிகைகள் இதை எழுதுகின்றன. வர்ணனையாளர்கள் ஓயாமல் சொல்கிறார்கள். பெரம்பலூர்ப் பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையில் நின்று ஆட்டம் பார்க்கிற இளைஞனும் இதுவே நியாயம் என்று ஒப்புக்கொள்கிறான். நான் ஒப்பவில்லை. இந்த அபிப்பிராயத்தின் முற்பகுதியில் பாதி உண்மை இருக்கிறது. பிற்பகுதியில் உண்மையே இல்லை. பங்கீடு நடக்க வேண்டிய இடம் ஒன்று, நடக்கிற இடம் வேறொன்று என்பதே என் வாதம்.

இச்சித்தாந்தம் முற்றி வளர்ந்த இடம் அமெரிக்காவின் பேஸ்பால். அங்கே ஒவ்வோர் அணியும் தன் ஊர்த் தொலைக்காட்சி வருமானத்தையும் அரங்கக் கட்டணத்தையும் பெரும்பாலும் தானே வைத்துக்கொண்டிருந்தமையால், நியூயார்க் அணிக்கும் கான்ஸஸ் சிட்டி அணிக்கும் செல்வநிலையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருந்தது. இதைச் சரிசெய்வதற்கு வருமானத்தைப் பகிர்ந்துகொள்ள இசைந்த உடைமையாளர்கள், அந்த இசைவுக்கு விலையாக ஆட்டக்காரர்களின் சம்பளத்துக்கு உச்சவரம்பு ஒன்றைக் கோரினார்கள். விளைவு, 1994 ஆகஸ்டில் வேலைநிறுத்தம். 1904க்குப் பிறகு முதன்முறையாக அவ்வாண்டு வேர்ல்ட் சீரிஸ் என்ற பட்டப் போட்டி நடைபெறாமற்போயிற்று. பங்கீடு என்ற பேச்சு எழுந்த மாத்திரத்திலேயே உழைப்பவனின் கூலிக்கு வரம்பு என்ற பேச்சும் கூடவே எழுந்தது என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் ஏற்பட்ட ஒப்பந்தங்களின் வழியே பங்கீடு மட்டும் நிலைத்தது. 2017ஆம் ஆண்டு முதல் ஒவ்வோர் அணியும் தன் உள்ளூர் நிகர வருமானத்தில் 48 விழுக்காட்டைப் பொது நிதியில் இட, அந்நிதியை 30 அணிகளும் சமமாகப் பிரித்துக்கொள்கின்றன.

இதனால் நன்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஏழை அணி ஓட்டாண்டியாகி மூடப்படாமல் காப்பாற்றப்படுகிறது. எதிரணி இல்லாமல் ஆட்டமில்லையாதலால், அதனால் பணக்கார அணிக்கும் லாபம்தான். ஆனால் காப்பாற்றப்படுவது வேறு, சமமாக்கப்படுவது வேறு. 1956இலேயே சைமன் ராட்டன்பர்க் என்ற பொருளாதார அறிஞர், பேஸ்பால் ஆட்டக்காரர்களின் தொழிற்சந்தையைப் பற்றி எழுதிய கட்டுரையில், ஓர் ஆட்டக்காரனுக்கு எங்கே மதிப்பு அதிகமோ அங்கேயே அவன் போய்ச் சேருவான் என்றும், அந்த மதிப்பில் எவ்வளவு அவன் கைக்கு வரும், எவ்வளவு உடைமையாளன் பைக்குப் போகும் என்பதை மாத்திரமே சட்டதிட்டங்கள் மாற்றவல்லவை என்றும் வாதித்தார். பேஸ்பாலின் பிற்காலச் சரித்திரம் அவருக்கு விரோதமாக இல்லை. பொது நிதிக்குப் பெரும்பணம் செலுத்தும் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியே 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளும் தொடர்ந்து பட்டம் வென்றது. இந்த 48 விழுக்காடு வருவதற்கு முன்பு, 2001 முதல் 2015 வரையிலான பதினைந்து ஆண்டுகளில் பத்து வெவ்வேறு அணிகள் வென்றிருக்கின்றன. சம்பளச் செலவுக்கு இறுக்கமான உச்சவரம்பு எதுவும் இல்லாத விளையாட்டில் நிகழ்ந்தது இது.

இனி நம் ஐ.பி.எல்.லுக்கு வருவோம். இங்கே பங்கீடு அமெரிக்காவைவிடக் கண்டிப்பானது: ஒளிபரப்பு உரிமையின் பெருவருமானம் மத்தியத் தொகுப்பில் சேர்ந்து, அதில் ஏறக்குறையப் பாதி அணிகளுக்குப் பிரிக்கப்படுகிறது, ஏலத்துக்கான தொகை எல்லா அணிக்கும் ஒன்றே. அந்தச் சித்தாந்தம் மெய்யானால், பட்டங்கள் பத்து அணிகளுக்கும் பரவலாகப் போயிருக்க வேண்டும். 2008 முதல் 2025 வரை நடந்த பதினெட்டுப் பட்டங்களில் ஐந்து சென்னைக்கும் ஐந்து மும்பைக்கும் போயின. மூன்று கொல்கத்தாவுக்குப் போயின. பஞ்சாபும் டில்லியும் ஒருமுறைகூட வெல்லவில்லை. முதலாண்டு எல்லா அணிகளிலும் குறைந்த விலைக்கு விற்கப்பட்ட ராஜஸ்தான் அந்த ஆண்டே கோப்பையை வென்றதை இச்சித்தாந்திகள் மிகுந்த மகிழ்ச்சியோடு எடுத்துக்காட்டுவார்கள். அதே ராஜஸ்தான், அதே சமமான தொகையோடு, அதற்குப் பின் 2025 வரை ஒரு பட்டமும் வெல்லாததை அவர்கள் எடுத்துக்காட்டுவதில்லை. நம் மாநிலத்துக் கிரிக்கெட் லீக்கான டி.என்.பி.எல்.லும் இதற்கு விலக்கன்று. 2016இல் தொடங்கி ஏலமே இல்லாமல், சமமான நிபந்தனைகளில் ஆட்டக்காரர்கள் ஒதுக்கப்பட்ட முதல் ஆறு பருவங்களில், சேப்பாக்கம் அணி மூன்று முறை தனியாகவும் ஒருமுறை கோவையோடு பகிர்ந்தும் வென்றது.

கபடியில் இது இன்னும் பிரத்தியட்சம். 2017இல் புரோ கபடிக்குள் வந்த தமிழ் தலைவாஸ் அணிக்கும் மற்ற அணிகளுக்கும் ஏலத்தொகையில் ஒரு ரூபாய் வித்தியாசமில்லை. ஆயினும் முதல் நான்கு பருவங்களிலும் அது பட்டியலின் அடிப்பகுதியிலேயே கிடந்தது. 2022இல் பவன் செராவத் என்ற ரைடரை 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு, அதாவது தன்னிடமிருந்த மொத்தத் தொகையில் பாதிக்கு மேல் கொடுத்து எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே அவர் காயமுற்று வெளியேறினார். அதன்பின் பெயர் அதிகம் வெளிப்படாத இளைஞர்களை வைத்து ஆடிய அந்த அணி, அந்தப் பருவத்தில்தான் முதன்முதலாக அரையிறுதிக்குப் போயிற்று. அந்தப் பருவத்தில் அணியைத் தூக்கி நிறுத்திய ரைடர் நரேந்தர் எங்கே உருவானார் என்று கேட்டால், விடை ஹரியானா. லீக்கின் பெரும்பாலான அணிகளுக்கும் ஆள் கொடுக்கும் பிரதேசம் அதுவே; கிராமந்தோறும் மைதானமும், கபடி ஆடியவனுக்கு அரசுச் சேவையில் ஒரு வேலையும் அங்கே நெடுங்காலமாக இருந்துவந்திருக்கின்றன. ஆட்டத்தின் பலம் ஏல மேடையில் நிர்ணயமாவதன்று. பன்னிரண்டு வயதுப் பையன் மாலை ஐந்து மணிக்கு எந்த மண்ணில் இறங்குகிறான், அங்கே அவனுக்குக் கற்றுத்தர யார் நிற்கிறார் என்பதிலேயே அது நிர்ணயமாகிவிடுகிறது. அணிகளின் பணத்தைச் சமமாக்குகிறவர்கள் இந்த மண்ணைப் பற்றிப் பேசுவதே கிடையாது.

சம்பள விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை 2023 முதல் 2027 வரையிலான ஐந்தாண்டுக்கு 48,390 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டது. 2025இல் ஓர் அணியின் ஏலத்தொகை 120 கோடி. பத்து அணிக்கும் சேர்த்து 1,200 கோடி. ஆட்டத்துக்கு ஆட்டம் தரப்படும் ஊதியத்தைக் கூட்டிக்கொண்டாலும், ஆட்டக்காரர்களுக்குக் கிட்டுவது அவ்வாண்டு ஒளிபரப்பு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. அமெரிக்கப் பேஸ்பாலில் ஆட்டக்காரர்களுக்கு மொத்த வருமானத்தில் ஏறக்குறையப் பாதி கிடைக்கிறது. அங்கே அவர்களுக்குச் சங்கம் உண்டு, வேலைநிறுத்தம் செய்த சரித்திரமும் உண்டு. இங்கே லீக்கோடு கூலி பேசுகிற சங்கம் இல்லை. அணிகளுக்குள் சமநிலை வேண்டும் என்ற பெயரால் விதிக்கப்பட்ட வரம்பு, கூலி வரம்பாக வெகு செவ்வனே வேலை செய்கிறது. பட்டங்களைப் பரவலாக்குவதில் மாத்திரம் அது சோர்ந்துபோகிறது.

எனினும் என் பிரதான ஆக்ஷேபணை இதுவன்று. கோடிக்கணக்கில் சம்பாதிக்கும் ஆட்டக்காரனுக்காக அரியலூர் மாவட்டத்துக் குடியானவன் வருந்த வேண்டியதில்லை என்று ஒருவர் சொன்னால், அதை நான் மறுக்கமாட்டேன். நான் கேட்பது வேறு: மேலே சமமாகப் பிரித்துக்கொண்டால் கீழேயும் செழிக்கும் என்றார்களே, செழித்ததா? அமெரிக்காவில் பெரிய அணிகளுக்கு ஆள் தயாரித்துத் தருகிற சிற்றூர் அணிகள் நூற்றறுபது அளவில் இருந்தன. பெரிய அணிகளுக்குள் பங்கீடு உச்சத்தில் இருந்த காலத்திலேயே, 2021 பருவத்துக்கு முன்பு, அவற்றை 120ஆகக் குறைத்தார்கள். ஏறக்குறைய நாற்பது ஊர்கள், தலைமுறைகளாகத் தங்களுக்கிருந்த அந்தத் தொடர்பை இழந்தன. முப்பது உடைமையாளர்கள் தமக்குள் 48 விழுக்காட்டைப் பகிர்ந்துகொண்டிருந்த அதே மேஜையில்தான் அந்தத் தீர்மானமும் ஆயிற்று.

நம் பக்கத்துக்கு வருகிறேன். பெரம்பலூர் 1995இல் திருச்சியிலிருந்து பிரிந்த மாவட்டம். அரியலூர் 2001இல் தனி மாவட்டமாகி, மறு ஆண்டே பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டு, 2007இல் மீண்டும் பிரிந்தது. பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் கரிசல் ஒருபுறம். முந்திரிக் காடும் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் மறுபுறம். நான்கைந்து பெரிய சிமெண்ட் நிறுவனங்களின் ஆலைகள் அரியலூரைச் சுற்றி நிற்கின்றன. கல் ஏற்றிய லாரிகள் இரவு பகலாகப் போகின்றன. செந்துறை வட்டத்துத் தளவாயில் இருக்கும் ஆலை இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனத்துடையது. 2008இல் 9 கோடியே 10 லட்சம் டாலருக்குச் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியை ஏலத்தில் எடுத்ததும் அந்நிறுவனமே. அணி பிற்காலத்தில் தனிக் கம்பெனியாகப் பிரிந்தது; சிமெண்ட் நிறுவனம் 2024 இறுதியில் அல்ட்ராடெக் வசமாயிற்று. இதைச் சொல்வது எவரையும் குற்றஞ்சாட்டுவதற்காக அன்று. லீக்கின் செல்வத்துக்கும் இந்த மாவட்டங்களுக்கும் சம்பந்தமே இல்லை என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

சம்பந்தம் கல்லோடு நிற்கவில்லை. இந்திய ஹாக்கி அணியில் 2022 முதல் ஆடிவரும் செல்வம் கார்த்தி அரியலூர்க்காரர். 2017க்குப் பின் நின்றுபோயிருந்த ஹாக்கி இந்தியா லீக் 2024 டிசம்பரில் மீண்டும் தொடங்கியபோது, தமிழ்நாடு டிராகன்ஸ் அணி அவரை எடுத்துக்கொண்டது. அவர் ஆட்டம் அரியலூரில் தொடங்கிக் கோவில்பட்டியில் அரசின் பயிற்சி மையத்தில் முதிர்ந்தது. அந்தப் பயிற்சிக்கு ஆன செலவு பொதுமக்களின் பணம். அதில் ஒரு பைசாவேனும் திரும்பத் தர வேண்டும் என்று ஏலத்தில் எடுத்தவர்களை எந்த விதியும் கட்டாயப்படுத்தவில்லை.

போட்டியில் சமநிலை என்றால் என்ன என்பதை அறிய விரும்புகிறவர், பொங்கலை ஒட்டிக் குன்னம், செந்துறை, ஜெயங்கொண்டம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடக்கும் மின்னொளிக் கபடிப் போட்டியைப் பார்க்க வேண்டும். ஏர் உழுத கொல்லையைச் சமன்படுத்தி, கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டிருப்பார்கள். நோட்டீஸில் எடைப்பிரிவு அச்சிட்டிருக்கும். 65 கிலோ என்று போட்டிருந்தால், மாலையிலேயே தராசை வைத்து ஒவ்வொருவனையும் ஏற்றி இறக்கி, ஒரு கிலோ கூடினவனை ஓடிவிட்டு வரச் சொல்வார்கள். ஒரே ஊர் ஆட்டக்காரர்கள் மட்டுமே என்று சிலர் நிபந்தனை வைத்து அடையாள அட்டை கேட்பார்கள். வெளியூர் ஆள் இத்தனை பேர்வரைதான் என்று சிலர் வரம்பு கட்டுவார்கள். பரிசுத்தொகை வென்றவனோடு முடிவதில்லை: இரண்டாம் பரிசு, மூன்றாம் பரிசு, நான்காம் பரிசு என்று அரையிறுதியில் தோற்ற இரண்டு அணிகளுக்கும் பங்கு உண்டு, ஒவ்வொரு பரிசுக்கும் நேரே சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ வேலை பார்க்கிற உள்ளூர்க்காரர் ஒருவரின் பெயர் இருக்கும். நுழைவுக் கட்டணம் கட்டிவந்த அணி முதல் சுற்றிலேயே தோற்றாலும் சாப்பாடு போட்டுத்தான் அனுப்புவார்கள். பொருளாதார சாஸ்திரம் படிக்காத கிராமத்து இளைஞர் மன்றத்துக்கு, பலவானையும் பலவீனனையும் ஒரே கோட்டுக்குள் நிறுத்தும் உபாயம் தெரிந்திருக்கிறது. அதனிடம் இல்லாதவை, மழைக்காலத்தில் ஆடக் கூரையும், முழங்கால் உடையாமல் விழ ஒரு விரிப்பும், மாதச் சம்பளம் வாங்கும் ஒரு பயிற்சியாளரும்தாம்.

இங்கே எதிர்க்கட்சியார் இரண்டு ஆக்ஷேபணைகள் எழுப்புவார்கள். முதலாவது, கிரிக்கெட் வாரியம் மாநிலச் சங்கங்களுக்குப் பெருந்தொகை அளிக்கிறதே, அது கீழ்நோக்கிய பங்கீடன்றோ என்பது. உண்மை, அளிக்கிறது. ஆனால் எந்தப் பையன் எந்த மாவட்டத்தில் வளர்ந்தான் என்பதற்கும் அந்தத் தொகைக்கும் தொடர்பில்லை. தமிழ்நாட்டு அணிக்குள் போகும் படிக்கட்டு இன்றும் சென்னையின் கிளப் லீக்குகளின் வழியாகவே ஏறுகிறது. வேப்பந்தட்டையிலோ ஆண்டிமடத்திலோ பந்து வீசும் பையன், சென்னையில் தங்க இடமும் சேர்த்துக்கொள்ள ஒரு கிளப்பும் கிடைத்தாலொழிய, தேர்வாளரின் கண்ணில் படுவது துர்லபம்.

இரண்டாவது ஆக்ஷேபணை, லீக்குகள் தனியார் வியாபாரம். தாங்கள் போட்ட முதலுக்கு வந்த லாபத்தை ஊருக்குக் கொடு என்று சொல்ல யாருக்கு அதிகாரம் என்பது. இதற்கு அரியலூரின் பூமியிலேயே விடை இருக்கிறது. சுண்ணாம்புக்கல் எடுப்பதும் தனியார் வியாபாரந்தான். ஆயினும் 2015இல் கனிமச் சட்டம் திருத்தப்பட்டபோது, சுரங்கம் நடக்கும் மாவட்டத்தில் கனிம அறக்கட்டளை ஒன்று ஏற்பட்டு, பழைய குத்தகைகளில் ராயல்டியின் 30 விழுக்காடும், ஏலத்தில் வந்த புதிய குத்தகைகளில் அதன் 10 விழுக்காடும் ராயல்டிக்கு மேல் தனியாக அதற்குச் செலுத்தப்பட வேண்டும் என்று விதியாயிற்று. சிமெண்ட் ஆலைகள் தங்களுக்குள் லாபத்தைச் சமமாகப் பிரித்துக்கொண்டால் சுரங்கத்து ஊர் செழித்துவிடும் என்று அப்போது யாரும் வாதிக்கவில்லை. வாதித்திருந்தால் எவரும் செவிசாய்த்திருக்கமாட்டார்கள். அந்த அறக்கட்டளைப் பணம் எல்லா இடத்திலும் நன்றாகச் செலவாகிறது என்று நான் சாதிக்க வரவில்லை. எடுத்த இடத்துக்கு ஒரு பாகம் திரும்ப வேண்டும் என்ற தத்துவத்தை நம் சட்டம் அங்கீகரித்துவிட்டது என்பதே இங்கே எனக்கு வேண்டியது.

விளையாட்டிலும் இத்தத்துவம் புதிதன்று. உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா 2001 முதலே இதை விதியாக வைத்திருக்கிறது. ஒப்பந்தக் காலத்தின் நடுவே ஓர் ஆட்டக்காரன் ஒரு கிளப்பிலிருந்து மற்றொன்றுக்குப் பெரும்பணத்துக்கு மாறும்போது, அந்தப் பணத்தில் ஐந்து விழுக்காடு, அவனுடைய 12ஆவது பிறந்தநாள் முதல் 23ஆவது பிறந்தநாள் கண்ட பருவம் வரை அவனைப் பயிற்றுவித்த கிளப்புகளுக்கு, பயிற்றுவித்த ஆண்டுக்கணக்கின்படி பிரிகிறது. இளம் பருவத்து ஆண்டுகளுக்குக் குறைவாகவும், 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்டுகளுக்கு அதன் இரட்டிப்பாகவும் கணக்கிடுகிறார்கள். கடன்பட்டும் ஒரு பையனைப் பயிற்றுவிக்கும் சிறிய கிளப்பை, தூரதேசத்து அணி அவனுக்குக் கொடுத்த விலை பல ஆண்டுகள் கழித்துத் தாங்குகிறது. நம் லீக்குகள் அமெரிக்காவிடமிருந்து வருமானப் பங்கீட்டையும், ஐரோப்பியக் கால்பந்திடமிருந்து ஆரவாரத்தையும் எடுத்துக்கொண்டன. இந்த ஐந்து விழுக்காட்டை மட்டும் விட்டுவிட்டன.

விட்டதை ஈடுசெய்ய, ஆட்டக்காரனே தன் கைப்பணத்தைப் போட வேண்டியிருக்கிறது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த டி. நடராஜனை 2017இல் ஐ.பி.எல்.லின் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தது. டென்னிஸ் பந்தில் வளர்ந்த அவரை உருவாக்கியது அவ்வூர் மண்ணும், அவரைக் கைப்பிடித்து நடத்திய உள்ளூர் வழிகாட்டி ஒருவருமே. அந்த மண்ணுக்கு லீக் எதுவும் தரவில்லை. 2023 ஜூனில் சின்னப்பம்பட்டியில் திறக்கப்பட்ட கிரிக்கெட் மைதானத்தை நடராஜனே முன்னின்று அமைத்தார். அவருடைய உத்தமகுணத்தைப் போற்றுவோம். ஆனால் ஒரு பிரதேசத்தின் விளையாட்டு, அதில் பிறந்த ஒருவன் உத்தமனாக இருப்பானா என்ற சந்தர்ப்பத்தை நம்பி நிற்பது நியாயமா?

ஆகவே நான் கோருவது இது. ஐ.பி.எல்., புரோ கபடி, ஹாக்கி லீக், டி.என்.பி.எல். ஆகிய ஒவ்வொன்றிலும், ஏலத்தில் ஓர் ஆட்டக்காரனுக்கு விழும் தொகைக்கு மேல், அவனுடைய சம்பளத்தில் கைவைக்காமல், அணி உடைமையாளர் ஐந்து விழுக்காடு தனியாகக் கட்ட வேண்டும். 12 முதல் 23 வயது வரை அவன் எந்தப் பள்ளியில், எந்த விடுதியில், எந்த ஊர்க் கழகத்தில் ஆடினான் என்பதைப் பதிவேட்டைப் பார்த்து, அந்தந்த மாவட்டத்துக்கு ஆண்டுக்கணக்கில் அது பிரிய வேண்டும். அப்படியானால் கார்த்தியின் தொகை அரியலூருக்கும் கோவில்பட்டிக்கும் அவர் ஆடிய காலத்தின்படி பகிரப்படும். பதிவேடு எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். உடற்கல்வி ஆசிரியர் கையெழுத்திட்ட குறுவட்ட, மாவட்டப் போட்டிச் சான்றிதழ்கள் பையன்களின் வீட்டுப் பெட்டியில் இருக்கின்றன. எந்தப் பள்ளியின் பெயரில் ஆடினான் என்று அவற்றில் எழுதியிருக்கிறது. பணம் வீணாகும் என்பார்கள். வந்த தொகையையும் அது எந்த மைதானத்துக்கு, எந்தப் பயிற்சியாளரின் சம்பளத்துக்குச் செலவானது என்பதையும் ஆண்டுதோறும் அந்தந்த ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி ஒட்டச் சொல்லலாம். நடராஜனுக்கு 2017இல் விழுந்த 3 கோடிக்கு இந்தக் கணக்கில் 15 லட்சம் ஆகிறது. அந்த ஏலம் அவ்வாண்டு ஓர் அணிக்கு அனுமதித்த மொத்தச் செலவில் அது ஒரு சிறு துளி. பெரம்பலூரிலோ அரியலூரிலோ ஒரு கபடிப் பயிற்சியாளருக்கு அது பல ஆண்டுச் சம்பளம்.